பட்டாவுக்குள் இடம் மாறும் கொம்புகள்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி பயிர்க்கடன் கேட்டு சொசைட்டிக்குப் போனால், முதலில் கேட்பது பட்டா, சிட்டா. இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று வரிசையாகக் கொடுக்கிறார். சற்று நேரத்தில் பிடிஎஃப் கோப்பு வந்து விழுகிறது. அந்தத் தாளை யாரும் தட்டச்சு செய்து வைத்திருக்கவில்லை. கேட்ட பிறகுதான் அது உருவாகிறது. கணினியில் பதிவாகியிருக்கும் பெயர், பரப்பு, தீர்வை இவற்றை எடுத்து ஒரு நிரல் தாளாக்கிக் கொடுக்கிறது.

அந்த வேலையைச் செய்யும் நிரல் தொகுப்பை 'லைப்ரரி' என்பார்கள். பெல்ஜியத்துக்காரர் புருனோ லோவாகி தொடங்கிய ஐடெக்ஸ்ட் அப்படி ஒன்று. பைத்தான், பிஎச்பி போன்ற நிரல்மொழிகளுக்கும் பல உண்டு. பழைய அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் ஈய எழுத்தைப் பொறுக்கி அடுக்கியதைத்தான் இவையும் செய்கின்றன. ஏ4 தாளின் அகலம் 595 புள்ளி, உயரம் 842 புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. இடது கீழ் மூலையிலிருந்து அளந்து, இந்த எழுத்துருவம் இங்கே, அடுத்தது அங்கே என்று வைத்துக்கொண்டே போகும். பிடிஎஃப்புக்குச் சொல்லும் தெரியாது, வாக்கியமும் தெரியாது. எந்த உருவம் எந்த இடத்தில் என்பது மட்டும்தான் அதன் கணக்கு.

ஆங்கிலத்துக்கு இது போதும். எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். தமிழில் அப்படியா? நாமக்கல் என்ற பெயருக்குச் சிக்கல் இல்லை. கொல்லிமலைக்கு உண்டு. 'கொ' என்று எழுத, ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால். 'லை' எழுத, லகரத்துக்கு முன்னால் இணைக்கொம்பு. ஆனால் யூனிகோடு முறையில் கணினி சேமித்து வைப்பது மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. திரையிலோ தாளிலோ காட்டும்போது யாராவது அதை மாற்றி அடுக்க வேண்டும். அதற்கென்றே ஹார்ப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு அதுவும் காரணம். பல லைப்ரரிகள் அதை நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் எஃப்பிடிஎஃப்2-வுக்கு அந்த வசதி 2023-இல்தான் வந்தது. அதுவரை கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்ட தாள்கள்தான்.

சரி, கொம்பு சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது, தாள் அழகாக இருக்கிறது. அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதற்கு அப்புறம்தான். அந்தக் கோப்பில் 'மலை' என்று தேடிப் பாருங்கள், பல நேரம் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே உள்ளேயும் அடுக்கியிருப்பதால், முன்னால் நிற்கும் இணைக்கொம்பு மகரத்தோடு சேர்ந்து, கணினிக்கு அது 'மைல' ஆகிவிடுகிறது. பெரியசாமி, செல்லம்மாள், சேந்தமங்கலம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எருமப்பட்டியில் கொம்பே இல்லை, அது தப்பித்துக்கொள்ளும்!

இத்தனைக்கும் தமிழுக்குப் பிடிஎஃப் நல்லதே செய்திருக்கிறது. அடோபி நிறுவனம் 1993-இல் அதை வெளியிட்டபோது நம்மிடம் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் தட்டியது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். பிடிஎஃப் எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே சுமந்து போனது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகமெங்கும் கொண்டுபோனதற்கு இந்த வசதியும் கைகொடுத்தது. அன்றைக்கு எழுத்து தெரிந்தாலே பெரிய காரியம். இன்றைக்கு அதுவே போதும் என்று விட்டுவிடுவதுதான் சரியில்லை.

இடையில் ஓர் எச்சரிக்கை. ஆதார் எண் வெளியே தெரியக்கூடாது என்று அதன் மேல் கறுப்புக் கட்டம் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டம் மேலே, எண் கீழே, இரண்டும் கோப்பில் இருக்கும். தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் எண் வெளியே வந்துவிடும். பிடிஎஃப்பில் திருத்துவது பெரும்பாலும் பழையதன் மேல் புதியதைச் சேர்ப்பதுதான். அதனால் அழித்ததாக நினைத்தது அழிந்திருக்காது. மாற்றி எழுதிய பட்டாவை யாராவது நீட்டினாலும் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வருவாய்த்துறை இணையதளத்தில் அதிலுள்ள குறிப்பு எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பதுதான் வழி.

எழுத்து வரிசைக் குறைக்கே திரும்புவோம். இந்த உரையைக் கேட்பவர்களில் பார்வையற்றவர்களும் இருப்பீர்கள். எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் 'கொல்லிமலை'யை எப்படிக் கடித்துத் துப்புகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் அவர்களுக்கு எட்டும் வடிவில் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. இந்தக் குறைக்கு வழியும் இருக்கிறது. தாளில் தெரியும் உருவங்களுக்குப் பின்னால், உண்மையான சொல் இதுதான் என்று எழுதி வைக்க பிடிஎஃப்பிலேயே 'ஆக்சுவல் டெக்ஸ்ட்' என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். நிரல் எழுதுகிறவர் அதை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஹார்ப்பஸுக்கும் காசு கிடையாது. அலுவலகங்கள் மென்பொருளுக்கு ஒப்பந்தம் போடும்போது, 'தமிழில் தேட வேண்டும், தமிழில் வாசிக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால், செய்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.