கோலுக்கு முன்னால் நின்றவர்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஒரு கோல்கீப்பரைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்து கொள்கிறேன்.

நம்ம ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் குன்னூர், பக்கத்திலேயே வெலிங்டன். அங்கேதான் மதராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது. 1953-ல் இராணுவத்தில் சேர்ந்த பீட்டர் தங்கராஜ் என்ற ஹைதராபாத் இளைஞர் அந்த மையத்தின் அணிக்கு ஆடினார். ஆரம்பத்தில் அவர் கோல் போடும் சென்டர் பார்வர்ட். ஆறடிக்கு மேல் உயரம். இராணுவத்தில்தான் கோல்கீப்பராக மாறினார். 1955-லும் 1958-லும் அந்த அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம் பெற்றார்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியைக் கேளுங்கள். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் நமக்கு 0-2 தோல்வி. தங்கராஜுக்கோ காய்ச்சல். அவருக்குப் பதிலாக ப்ரத்யுத் பர்மன் நின்று காத்தார். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே கொரியா! பயிற்சியாளர் ரஹீம், காய்ச்சலிலிருந்து தேறிய தங்கராஜை இறக்கினார். சுமார் ஒரு லட்சம் பேர் கூட்டம். பெரும்பாலும் நமக்கு எதிர்ப்பு. பி.கே.பானர்ஜி ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1. தங்கம் நமக்கு!

புத்தகத்தில் கோல் போட்ட இருவர் பெயரும் இருக்கும். கோல்கீப்பர் எத்தனை பந்தைத் தடுத்தார் என்று ஸ்கோரில் வராதுங்க. உள்ளே போன அந்த ஒன்று மட்டும் வரும்.

இதை ஏன் சொல்கிறேன்? படித்து முடித்ததும் நான் டிசைன் பிரிவு கேட்டேன். கிடைத்தது இன்ஸ்பெக்ஷன். பம்ப் வெளியே போகுமுன் கடைசியாகப் பார்க்கிற ஆள். நூறு பம்ப் நன்றாக ஓடினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒன்று ஒழுகினால் போன் வரும். இரண்டு வருடம் மனசு ஆறவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் தங்கராஜின் கதையைப் படித்தேன். கேட்ட இடம் வேறு, கிடைத்த இடம் வேறு. கிடைத்த இடத்தில்தான் அவர் பெயர் வாங்கினார். நான் இன்றும் இன்ஸ்பெக்ஷனில்தான் இருக்கிறேன், இப்போது விரும்பி.

தங்கராஜுக்கு 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. பின்னாளில் பொகாரோவில் இளைஞர்களுக்குக் கால்பந்து கற்றுத் தந்தார். 2008-ல் அங்கேயே மறைந்தார்.

தம்பிகளா, தங்கைகளா! கேம்பஸில் கேட்டது கிடைக்காமல் வாடியிருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். கிடைத்த கம்பத்துக்கு நடுவில் நின்று பாருங்கள். பந்து வரும்.