பொறி சுட்டும் பிழையும் படிப்போர் கடனும்

  

மாணவன் எழுதிய கட்டுரையில் ஆசிரியர் பிழையுள்ள இடந்தோறும் கோடிட்டு, ஓரத்தில் குறிப்பும் எழுதித் தருகிறார். அக்குறிப்பைப் படியாது மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தாளை மடித்து வைப்பவன் அடுத்த கட்டுரையிலும் அதே பிழையைச் செய்கிறான். வணிகக் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடையேயும் இவ்வழக்கம் உண்டு. பொறி பக்கம் பக்கமாகப் பிழைக்குறிப்பு அச்சிட்டுத் தருகிறது. பலரோ கடைசி வரியை மட்டும் பார்க்கின்றனர். “நிரல் உருவாயிற்றா, இல்லையா?” என்பதே அவர்கள் கேட்கும் ஒரே வினா. அவ்வினா போதாது என்பதே இவ்வுரையின் கருத்து.

பெருநிறுவனங்களின் பேரளவுப் பொறிக்கும் மேசைமேல் வைக்கும் சிறுபொறிக்கும் இடைப்பட்டது இடைநிலைக் கணிப்பொறி. ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்க நாட்டு மின்னசோட்டாவிலுள்ள இராச்செசுட்டர் நகரில் இவ்வகைப் பொறிகளை வடிவமைத்தது. 1978-இல் சிசுட்டம்/38 அறிவிக்கப்பட்டது, 1988-இல் ஏ.எசு./400 வந்தது. பெயர் பலமுறை மாறிய பின்னும், 2008 முதல் ‘ஐ.பி.எம். ஐ’ என்னும் பெயருடன் அதன் இயக்க முறைமை வாழ்ந்து வருகிறது. ஊதியக் கணக்கு, சரக்கிருப்பு, பற்றுவரவு ஆகியன இதன் அன்றாடப் பணிகள். இதில் பெருவழக்காக உள்ள நிரல்மொழி 1959-இல் தோன்றியது. ‘அறிக்கை நிரல் ஆக்கி’ என்பது அதன் பெயர்ப்பொருள்.

மாந்தர் எழுதும் மூலநிரலைப் பொறி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றுவது தொகுப்பி. அது மாற்றிய கையோடு ஒரு பட்டியலையும் தருகிறது. அதன் தலைப்பகுதியில் எந்தக் கட்டளையால், எந்த விருப்பங்களோடு தொகுக்கப்பட்டது என்பது இருக்கும். அடுத்து, மூலநிரல் வரியெண்களோடு நிற்கும். பின்னர், ஒவ்வொரு பெயரும் எந்த வரியில் பிறந்தது, எவ்வெவ்வரிகளில் ஆளப்பட்டது, எங்கே மதிப்பு மாறியது எனக் காட்டும் குறுக்குக் குறிப்பகராதி வரும். அதன்பின் பிழைச்செய்திகளின் தொகுப்பு. கடைசியில், எத்தனை செய்தி என்னும் கூட்டுத்தொகை.

ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்ணும் ஒரு கடுமை அளவும் உண்டு. 00 என்பது வெறும் அறிவிப்பு, 10 எச்சரிக்கை, 20 பிழை, 30-உம் அதற்கு மேற்பட்டனவும் கடும்பிழை. வேறு கட்டளை இடாதவரை, 10-க்கு மேற்பட்ட பிழை ஒன்றிருந்தாலும் தொகுப்பி நிரலை உருவாக்காது. 10-உம் அதற்குக் கீழ்ப்பட்டனவும் இருந்தால் நிரல் உருவாகிவிடும்.

தோழர்களே! பட்டியலைக் கண்டு மலைப்பவர் முதலில் அறிய வேண்டுவது ஒன்று. நூறு பிழை தோன்றினால் நூறு நோய் என்று பொருளன்று. ‘பெயர் வரையறுக்கப்படவில்லை’ எனும் 7030 எண் செய்தி பல நூறு வரிகளில் தோன்றலாம். அதைக் கண்டு ஒவ்வொரு பெயராகத் திருத்தப் புகுவோர் பொழுதை இழப்பர். மேலே தேடினால், கோப்பின் வரையறை கிட்டவில்லை எனும் 2120 எண் செய்தி ஒன்று தனித்து நிற்கும். கோப்பு கிட்டாதபோது அதன் புலங்களும் கிட்டா. புலங்கள் கிட்டாதபோது அவற்றை ஆண்ட வரிகளெல்லாம் பிழையாகும். நிரலில் ஓர் எழுத்தும் தவறில்லாமலே இது நேரலாம். கோப்பிருக்கும் நூலகம் பணியின் நூலகப் பட்டியலில் சேராது விடுபட்டிருக்கும். அதைச் சேர்த்தால் நூறும் ஒருங்கே மறையும். வேரைக் காணாது இலையைக் கிள்ளுவதால் பயனில்லை.

இதனினும் கொடியது, சிறிய எண்ணைப் புறக்கணிப்பது. ‘இப்பெயர் எங்கும் ஆளப்படவில்லை’ என்பது 7031 எண் செய்தி. அதன் கடுமை 00. “இதற்கென்ன, நிரல்தான் உருவாகிவிட்டதே” என்பர். ஊதிய நிரல் ஒன்றில் கடன் பிடித்தத்துக்கு ஒரு பெயர் வகுத்துவிட்டு, கழிக்கும் வரியில் ஒத்த வடிவுடைய வேறொரு பெயரை எழுதிவிட்டதாகக் கொள்வோம். இரு பெயரும் வரையறுக்கப்பட்டவை. ஆகவே கடும்பிழை எதுவும் எழாது. பிடித்தத்தின் பெயர் ஆளப்படவில்லை என்னும் மெல்லிய குரல் மட்டுமே அகராதியில் ஒலிக்கும். அதைக் கேளாதுவிட்டால், மாதக் கடைசியில் தொழிலாளியின் ஊதியத்தில் வேறு தொகை கழியும். அகராதியைப் படித்திருந்தால் அரை நாழிகையில் தீர்ந்திருக்கும்.

நிரல் இயங்கும்போது எழும் செய்தியும் இவ்வாறே. எண் இருக்க வேண்டிய புலத்தில் வெற்றிடம் இருந்தால், பதின்ம எண் பிழை எனும் 0907 எண் செய்தியோடு பணி நின்று, இயக்குநரிடம் விடை கேட்கும். விடை ஒற்றை எழுத்து. ஓரெழுத்து பணியை நிறுத்தும். ஓரெழுத்து நினைவகப் படியை அச்சிட்டு நிறுத்தும். மற்றோரெழுத்து ‘மேற்செல்’ என்னும். பதிவுகளைத் தானே ஒவ்வொன்றாகப் படிக்கும் சுழற்சி முறை நிரலில், மேற்செல்வது அந்தப் பதிவை இடையில் விட்டுவிட்டு அடுத்ததைப் படிப்பதாகும். நள்ளிரவில் வேலை முடிந்தால் போதும் என அவ்வெழுத்தை அழுத்துபவர், ஒரு தொழிலாளியின் ஊதியத்தையே தாண்டிச் செல்லக்கூடும். பொறி நின்றது குற்றமன்று. ஏன் நின்றது எனப் படியாததே குற்றம்.

படிக்க வழியும் உண்டு. செய்தியின்மேல் சுட்டியை வைத்து உதவி விசையை அழுத்தினால், கரணியமும் தீர்வும் கூறும் இரண்டாம் நிலை உரை விரியும். தொகுப்புப் பட்டியலிலும் அவ்வுரையைச் சேர்த்து அச்சிடுமாறு கட்டளையிடலாம். எண் நூற்பா எனின், முதல் வரி கருத்துரை, விரிவது விளக்கவுரை. உரையை விடுத்து நூற்பாவின் எண்ணை மட்டும் பார்ப்பவர் பொருள் உணர்வது எங்ஙனம்?

மொழியார்வலர் எண்ணத்தக்க ஒன்றும் இங்குள்ளது. இம்முறைமையில் செய்தியின் சொற்கள் நிரலுக்குள் பதிந்திரா. தனியே செய்திக்கோப்பில் இருக்கும். பெயரும் எண்ணும் வந்தமரும் இடங்கள் எண்ணிட்டு விடப்பட்டிருப்பதால், எம்மொழியின் சொல்முறைக்கும் வாக்கியத்தை அமைக்கலாம். செருமானியமும் சப்பானியமும் கொரியமும் அவ்வாறே இப்பொறியில் பேசுகின்றன. மொழி மாறினும் செய்தியெண் மாறாது. ஆங்கிலம் தடையாகிறது என்னும் தமிழிளைஞர், நாள்தோறும் எதிர்ப்படும் எண்களைக் குறிப்பேட்டில் வரிசையிட்டு, ஒவ்வொன்றின் கரணியத்தையும் தீர்வையும் நல்ல தமிழில் எழுதி வைக்கலாம். அடுத்து வருவோர்க்கு அதுவே உரைநூலாகும்.

ஆகவே, கடைசி வரியோடு நில்லாதீர்! முதற்பிழையைத் தேடுக! சிறிய எண்ணையும் மதித்திடுக! விடை எழுத்தை அழுத்துமுன் விளக்கத்தைப் படித்திடுக! அப்பட்டியலின் ஒவ்வொரு வரியின் பின்னும் எவரோ ஒருவருடைய உழைப்பின் ஊதியம் காத்திருக்கிறது.