காலியாக விடப்பட்ட கட்டங்கள்



மாலை வேளைகளில் நம் குடியிருப்பில் பிள்ளைகள் தனிமங்களின் பெயர்களை வாய்ப்பாடு போல் ஒப்பிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். தேர்வு முடிந்ததும் அவை மறந்துபோகின்றன. பிழை பிள்ளைகளுடையது அன்று. ஆவர்த்தன அட்டவணையை வெறும் பெயர்ப்பட்டியலாகவே நாம் அவர்கள் கையில் கொடுத்துவிட்டோம். உண்மையில் அது, படிக்கத் தெரிந்தவர்க்கு வழிகாட்டும் நிலப்படம்.

அதன் மூன்றாம் வரிசையைக் காண்போம். சோடியத்தில் தொடங்கி வலப்புறம் செல்லச் செல்ல, அணுக்கருவின் நேர்மின்னூட்டம் ஒவ்வொன்றாகக் கூடுகிறது. எலக்ட்ரான்களும் கூடுகின்றன, ஆயினும் அவை அதே புறக்கூட்டில்தான் சேர்கின்றன. ஆகவே கருவின் பிடி இறுகி, அணு சுருங்குகிறது. குளோரின் அணு, சோடியம் அணுவில் ஏறத்தாழப் பாதியளவே. அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க, சோடியத்திற்கு வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு ஆற்றல் வேண்டும். ஒன்று கொடுக்கும் இயல்பினது. மற்றது கொள்ளும் இயல்பினது. இரண்டும் கூடியதே நம் அடுக்களை உப்பு.

மேலிருந்து கீழிறங்கினாலோ, படிதோறும் புதிய கூடு ஒன்று சேர்கிறது; கடைசி எலக்ட்ரான் கருவை விட்டு விலகி நிற்கிறது; பிடி தளர்கிறது. நீரில் இட்டால் லித்தியம் மெல்லக் குமிழியிடும். சோடியம் உருகி ஓடும். பொட்டாசியம் ஊதாச் சுடர் விட்டெரியும்.

எலக்ட்ரானை எவரும் அறியாத 1869-ஆம் ஆண்டிலேயே ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் இவ்வொழுங்கைக் கண்டார். பொருந்தாத தனிமத்தைத் திணித்துக் கட்டங்களை நிரப்ப அவர் முயலவில்லை. சிலவற்றைக் காலியாகவே விட்டார். வரிசை வீடுகளுள் ஒன்று பூட்டிக் கிடந்தால், இருபுறத்து வீடுகளைக் கண்டவர் அதன் உள்ளமைப்பைச் சொல்லிவிடுவார் அல்லவா? அவ்வாறே, வரவேண்டிய தனிமங்களின் பண்புகளை அவர் 1871-இல் விரித்துரைத்தார்.

1875-இல் பிரெஞ்சு அறிஞர் புவாபோதரான் காலியம் என்னும் தனிமத்தைக் கண்டுபிடித்து, அதன் அடர்த்தி 4.7 என்றார். மெண்டலீவோ, அது 5.9 அளவில் இருக்கவேண்டும் என்று எழுதினார். தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது! பொருளைக் கையில் வைத்திருந்தவரை, அதைக் காணாதவர் திருத்தினார். 1879-இல் ஸ்காண்டியமும் 1886-இல் ஜெர்மானியமும் தத்தம் கட்டங்களில் வந்தமர்ந்தன. இன்று ஏழு வரிசைகளிலும் 118 தனிமங்கள் நிறைந்துள்ளன. நம் இல்லங்களில் ஒளிரும் எல்.இ.டி. விளக்கினுள் இருப்பதும் அந்தக் காலியமே.

அன்பர்களே! பள்ளியில் நம் பிள்ளைகள் எம்மொழியில் கற்பினும், ‘இது ஏன் இங்கே நிற்கிறது?’ என்று வீட்டில் தமிழில் கேட்போம். நமக்கே விடை தெரியாவிடில் வெட்கப்படவேண்டா. அக்கட்டத்தைக் காலியாக விட்டு, அவர்களோடு சேர்ந்து தேடுவோம். தெரியாததற்கு நேர்மையாக இடம் விட்டவரே தெரியவேண்டியதை முன்கூட்டி அறிந்தார் என்பதை அவர்கள் நம்மிடமிருந்தே கற்கட்டும்.