செப்புத் தகட்டில் கீறிய கேலி
(கிணத்துக்கடவு வாசகசாலையில் பேசியதன் சுருக்கம்)



திப்பு காலத்தில் நம் கோயமுத்தூர்ச் சீமை மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1791-ல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தைப் பிடிக்கப் படையோடு போனான். மழை பிடித்துக்கொண்டது. வண்டி மாடுகள் செத்து விழுந்தன. பட்டாளத்துக்குத் தீனியில்லை. பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினான்.

அந்த வருஷம் டிசம்பரில் லண்டனில் ஒரு படம் வெளிவந்தது. கும்பினிப் படை ஓடுகிறது. கோட்டை மதில்மேல் நிற்கும் திப்பு அதன்மேல் மூத்திரம் பெய்கிறார்! சிரிக்கிறீர்கள். லண்டன்காரனும் சிரித்தான். வரைந்தவன் வெள்ளைக்காரனேதான், ஜேம்ஸ் கில்ரே என்று பெயர். திப்புவின்மேல் அவனுக்குப் பாசம் ஒன்றுமில்லை; சொந்த ஊர்த் துரையைக் கிண்டல் செய்தான், அவ்வளவுதான்.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் படத்தைக் கீறுவார்கள். திராவகம் ஊற்றினால் கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தேய்த்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தி எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கையால் வர்ணம். கில்ரே பெயர் நிற்கிறது. வர்ணம் பூசிய கூலிக் கைகளின் பெயர் எங்கே?

காசுள்ளவன் வாங்கினான். இல்லாதவன் ஹன்னா ஹம்ப்ரி அம்மாளின் கடை ஜன்னல் முன் கூடி நின்று ஓசியில் பார்த்தான். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? மந்திரியின் மூக்கு தெரிந்தால் போதாதா!

அந்த மந்திரி பிட் சும்மா இருப்பாரா? 1797-ல் கில்ரேவுக்கு வருஷம் 200 பவுன் ரகசிய மானியம் ஏற்பாடாயிற்று. மந்திரியைக் குத்திய ஊசி எதிர்க்கட்சிக்காரர்கள் பக்கம் மும்முரமாகத் திரும்பியது. கை சாமர்த்தியம் குறையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1805-ல் பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையைப் பலகாரம்போல் வெட்டித் தின்பதாக அவன் வரைந்ததை இன்றைக்கும் எடுத்துப் போடுகிறார்கள். கடைசியில் பார்வை மங்கி, புத்தி கலங்கி, 1815-ல் செத்தான். அதுவரை அவனை வைத்துப் பார்த்தவள் அந்தக் கடைக்கார அம்மாள்தான்.

நம் தமிழில் இந்த வேலையைத் துணிந்து தொடங்கியது பாரதியார். 1906-ல் சென்னையில் புறப்பட்ட ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் கேலிப்படம் போட்டு, விளங்காதவர்களுக்காக விளக்கமும் எழுதினார். அவருக்கு மானியம் வரவில்லை. 1908-ல் வழக்கு வந்தது. பத்திரிகை புதுச்சேரிக்குப் போய் அங்கேயும் படம் போட்டது. பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தார்கள்; 1910-ல் நின்றுபோயிற்று.