படம் நிற்பது ஏன்?

அல்சூரில் சுவரோடு சுவர் ஒட்டிய நம்மவர் இல்லங்களில், மாலையில் இணையவழித் தமிழ்ப்படம் பாதியில் நின்று வட்டமிடுவதுண்டு. அதிக வேகத்திற்குப் பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வைஃபை பெட்டியின் அருகில் கைப்பேசியில் அப்படத்தை ஓட்டிப் பாருங்கள். தடையின்றி ஓடினால், குறை வீட்டிற்குள் அலை செல்லும் வழியிலேதான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவு செல்லும். ஆயின் அண்டை வீட்டாரின் அலைகளும் அதிலேயே நெருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். 2018இல் இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த விரிவாகத் திறக்கப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் நெரிசல் குறைவு. சுவரைக் கடக்கும் ஆற்றலும் குறைவே. எனவே பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அருகில், உயர்ந்த, மறைப்பற்ற இடத்தில் வைத்து, 5ஐத் தேர்ந்தெடுங்கள். ஊர் விட்டு வந்த முதியோருக்கு அப்படமே ஊரின் குரல்; அது அறுபடாதிருக்கட்டும்.