சர்வதேச நிதிச் சட்டத்தில் ஓர் ஆய்வேடு

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், சட்டம் பயிலும் ஆடவரும் பெண்டிரும் இன்று பலர். முதுநிலைப் படிப்பில் சேர்ந்தோர் அதன் முடிவில் ஓர் ஆய்வேடு எழுதித் தரவேண்டும். அவர்களுள் சிலர் சர்வதேச நிதிச் சட்டத்தை நாடுகின்றனர். நாடுகள் வாங்கும் கடன், அந்நியச் செலாவணி, எல்லை கடந்து நடக்கும் வங்கித் தொழில் ஆகியவற்றை ஆளும் சட்டம் அது. அத்துறையில் ஆய்வேடு எழுதும் முறையைப்பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

இத்துறையின் முதல் இடர்ப்பாடு, அதற்கெனத் தொகுக்கப்பெற்ற ஒரு சட்ட நூல் இல்லாமையே. 1944-ஆம் ஆண்டு பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். இந்தியக் குழுவில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர் அவரே. சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் அம்மாநாட்டில் உருப்பெற்றன. ஆனால் கடனைத் திருப்பித் தர இயலாத நாட்டுக்கு என்ன வழி என்பதற்கு அங்கே சட்டம் வகுக்கப்படவில்லை.

ஒரு வணிகர் நொடித்துப் போனால் அவருக்குத் திவால் சட்டம் உண்டு. ஒரு நாடு நொடித்துப் போனால் அது சென்று நிற்கத்தக்க நீதிமன்றம் இல்லை. இக்குறையை நீக்க 2001-ஆம் ஆண்டு நாணய நிதியத்தின் சார்பில் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. போதிய ஆதரவின்றி 2003-இல் அது கைவிடப்பட்டது. 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை சில அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. ஆதரவாக 136 வாக்குகளும் எதிராக 6 வாக்குகளும் விழுந்தன. 41 நாடுகள் ஒதுங்கி நின்றன. எனினும் அத்தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

ஆகவே, இத்துறையில் சட்டம் பெரும்பாலும் கடன் பத்திரங்களின் ஷரத்துக்களிலும், அவற்றுக்கு நீதிமன்றங்கள் கண்ட பொருளிலுமே அடங்கியிருக்கிறது. ஆய்வு தொடங்கவேண்டிய இடமும் அதுவே. மாணவர் பலர் ‘அரசாங்கக் கடனும் சர்வதேசச் சட்டமும்’ என்பது போன்ற பரந்த தலைப்பை எடுத்துக்கொண்டு, பிறர் எழுதியவற்றைத் தொகுத்துத் தருவதோடு நின்றுவிடுகின்றனர். விடை காணத்தக்க ஒரு வினா அமைந்தாலன்றி அஃது ஆய்வாகாது.

அர்ஜென்டினாவின் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2001 டிசம்பரில் அந்நாடு ஏறத்தாழ 8,000 கோடி டாலர் கடனைச் செலுத்த இயலாது நின்றது. 2005-லும் 2010-லும் பழைய பத்திரங்களுக்கு ஈடாக, மதிப்பு மிகக் குறைந்த புதிய பத்திரங்களை அளித்தது. ஏறத்தாழ 93 விழுக்காட்டுக் கடன் அவ்வாறு மாற்றிக்கொள்ளப்பட்டது. எஞ்சியோருள் ஒரு முதலீட்டு நிறுவனம் முழுத்தொகையும் கேட்டு வழக்காடியது. 2012-இல் கானா நாட்டுத் துறைமுகத்தில் அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பலையே அது தடுத்து நிறுத்தச் செய்தது. சர்வதேசக் கடற்சட்ட நீதிமன்றத்தின் ஆணைப்படியே கப்பல் விடுபட்டது.

நியூயார்க் நீதிமன்றத்தில் அவ்வழக்கு ‘பாரி பாஸு’ என்னும் இலத்தீன் தொடரைச் சுற்றி எழுந்தது. ‘ஒத்த அடியில்’ என்பது அதன் பொருள். ஒரு பத்திரம் மற்றக் கடன்களுக்குத் தாழ்ந்ததன்று என்பதை மட்டும் அது குறிக்கிறதா? அல்லது ஒருவருக்குப் பணம் செலுத்தும்போது மற்றவருக்கும் செலுத்தியாக வேண்டும் என்கிறதா? நீதிமன்றம் கடன் கொடுத்தவர் பக்கமே தீர்ப்பளித்தது. 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. புதிய பத்திரக்காரர்களுக்கு வட்டி தர அர்ஜென்டினா பணம் செலுத்தியும், அஃது அவர்களைச் சேராமல் தடைப்பட்டது. 2016-இல் தான் சமரசம் ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அதே நீதிபதி, பணம் செலுத்தாமை ஒன்றினாலேயே அந்த ஷரத்து மீறப்பட்டதாகாது என்று வேறொரு வழக்கில் வரையறுத்தார். முதற்றீர்ப்பை மட்டும் படித்து நிறுத்தும் மாணவர் தவறான முடிவுக்கு வருவார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதிலிருந்து நாம் பெறும் நெறிகள் சில. மூலப் பத்திரத்தை முதலில் படிக்கவேண்டும். விளக்க நூல்கள் பின்னர் வரட்டும். தீர்ப்புக்களைக் கால வரிசையில் வாசிக்கவேண்டும். நம் கருத்துக்கு எதிரான வாதத்தை, அதன் ஆதரவாளரே ஒப்பும் வண்ணம் வலிமையாக எழுதிவிட்டுப் பின்னரே மறுக்கவேண்டும். மேற்கோளின் இடத்தை அன்றன்றே குறித்துக்கொள்ளவேண்டும். இறுதி வாரத்தில் தேடினால் அகப்படாது. எழுதிய அதிகாரத்தை அவ்வப்போது நெறியாளரிடம் காட்டுவதும் நன்று.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆய்வேடு ஆங்கிலத்திலேயே எழுதப்படும். ஆயினும் அதன் வினாவை வீட்டிலுள்ள தாய் தந்தையரிடம் தமிழில் நான்கு வாக்கியங்களில் சொல்லிப் பார்க்கலாம். அவர்களுக்கு விளங்காவிடில், பெரும்பாலும் வினாவே இன்னும் தெளிவுபெறவில்லை என்று கொள்ளலாம்.

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும் வாதங்கள் என்று எண்ணுதல் கூடாது. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மருத்துவமனைகளில் மருந்து அருகியது. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே துன்புற்றனர். அவ்வாண்டு ஜூனில், ஒரே வெளியீட்டைச் சேர்ந்த 100 கோடி டாலர் பத்திரங்களில் 25 கோடிக்கு மேல் தன்னிடம் உள்ளதாகக் கூறி ஒரு வங்கி நியூயார்க்கில் வழக்கிட்டது. அவ்வெளியீட்டின் நிபந்தனைகளை மாற்ற 75 விழுக்காட்டினர் இசையவேண்டும். ஆதலின் கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் மாற்றத்தைத் தடுத்து நிறுத்த முடியும். எல்லா வெளியீடுகளின் வாக்குகளையும் சேர்த்து எண்ணும் மாதிரி ஷரத்து 2014-இல் தான் வெளியிடப்பெற்றது. பழைய பத்திரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வாக்குகளை வெளியீடுதோறும் எண்ணுவதா, சேர்த்து எண்ணுவதா? சிறியதாகத் தோன்றும் இவ்வொரு வினாவே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய வினா ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய பத்திரத்தைச் சொல் விடாது படித்து, தாம் கண்ட விடையை அஞ்சாது எழுதுவார்களாக. கடன் பேச்சுக்கு அமரும் ஏழை நாடுகளுக்கு, ஷரத்துக்களைப் படித்தறிந்த வழக்கறிஞர்கள் என்றும் தேவை.