தபாலாபீஸ் பலகைக்கு ஒரு மசோதா

(திருப்பூரில் பனியன் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குமரன் ரோட்டில் தினமும் நடக்கிறோம். அந்தக் குமரன் யார்? கொடி காத்தவர் என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்வான். சென்னிமலையில் நெசவாளர் வீட்டில் 1904ல் பிறந்தவர், தறியில் உட்கார்ந்தவர், இதே ஊரில் ஒரு மில்லில் கணக்கு எழுதிக் கூலி வாங்கியவர் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? 1932 ஜனவரி 10ல் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து, கொடியை விடாமல் விழுந்து, மறுநாள் உயிர்விட்டபோது வயது 27. 2004ல் தபால் இலாகா அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது. பெயர் நிலைத்துவிட்டது, அவர் செய்த வேலை மறந்துவிட்டது.

பெயர் வைப்பது சின்ன விஷயமென்று நினைக்காதீர்கள். சென்னை ராஜ்யத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வேண்டுமென்று 1956ல் விருதுநகரில் உண்ணாவிரதமிருந்த சங்கரலிங்கனார் அக்டோபர் 13ல் உயிரையே கொடுத்தார். அந்தப் பெயருக்காகப் பார்லிமெண்டின் ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் தோழர் பூபேஷ் குப்தா. 1963ல் அண்ணாதுரையும் அதை ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது. 1968ல்தான் சட்டம் வந்தது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் மாறியது.

நம் நாட்டில் ராஜ்யத்தின் பெயரை மாற்றத்தான் பார்லிமெண்ட் சட்டம் வேண்டும். தபாலாபீசுக்கு இலாகா உத்தரவு போதும். அமெரிக்காவிலோ ஒரு தபாலாபீசுக்கு ஒருவர் பெயரைச் சூட்டவும் காங்கிரஸ் சபைகள் இரண்டும் மசோதா நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். வருஷா வருஷம் இப்படிப் பல மசோதாக்கள். பெரும்பாலும் சண்டை சச்சரவில்லாமல் நிறைவேறிவிடும். 2005 ஜூலையில் கலிபோர்னியாவில் டெமக்குலா என்ற ஊர்த் தபாலாபீசுக்குத் தலிப் சிங் சவுந்த் பெயரை வைத்தார்கள். பஞ்சாபிலிருந்து போய் அங்கே விவசாயம் செய்து, 1956 தேர்தலில் காங்கிரஸ் உறுப்பினரானவர் அவர்.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், அதே கலிபோர்னியாவிலிருந்து இன்னொரு மசோதா வந்தது. பெர்க்லி நகரின் பெரிய தபாலாபீசுக்கு மாடெல் ஷிரெக் அம்மையாரின் பெயர் வைக்க வேண்டும் என்பது அது. அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் பேத்தி அவர். அர்க்கன்சாஸில் 1911ல் பிறந்தவர். பெர்க்லியில் முதியோர் நிலையம் நடத்தி வந்தவரை வயதாகிவிட்டதென்று வேலையிலிருந்து போகச் சொன்னார்கள். அம்மையார் 1984ல் நகரசபைத் தேர்தலில் நின்று ஜெயித்தார், 73 வயதில்! இருபது வருஷம் உறுப்பினராக இருந்தார்.

மசோதாவைக் கொண்டுவந்தவர் பார்பரா லீ. 2001 செப்டம்பரில் ஜனாதிபதி புஷ்ஷுக்கு யுத்த அதிகாரம் கொடுத்த தீர்மானத்தை, இரு சபைகளிலும் எதிர்த்து ஓட்டுப்போட்ட ஒரே ஒருவர் இவர்தான். அதை அந்தச் சபை மறந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

அயோவாவைச் சேர்ந்த ஸ்டீவ் கிங் என்ற கனவான் எழுந்தார். அம்மையாருக்கு ஒரு மார்க்சீய நூலகத்தோடு சம்பந்தமுண்டு, அவருடைய கருத்துக்கள் அமெரிக்கத் தன்மைக்கு ஒவ்வாதவை என்று ஆட்சேபித்தார். இது பழைய மெக்கார்த்தி வேலை என்று பார்பரா லீ கண்டித்தபோது, மெக்கார்த்தி அமெரிக்காவின் வீரர் என்றே பதில் சொன்னார் அந்தக் கனவான்! 1950களில் கம்யூனிஸ்ட் பூதம் காட்டிப் பலருடைய வேலைக்கு உலை வைத்த மெக்கார்த்தி!

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 190, எதிர்ப்பு 215. அந்த விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பாதிகூடக் கிடைக்கவில்லை. 94 வயதுக் கிழவியின் பெயரைக் கடிதம் போடும் இடத்தில் எழுதி வைத்தால் எந்தக் கோட்டை இடிந்துவிடும், தோழர்களே? ஆனால் அவர்களுக்குக் கணக்குத் தெரியும். பலகையில் பெயரிருந்தால், தபால்தலை வாங்க வருகிற குழந்தை "யாரம்மா இது?" என்று கேட்கும். தாய் பதில் சொல்லியாக வேண்டும். கறுப்பு நிறமென்றோ அயல்நாட்டில் பிறந்தவரென்றோ மட்டும் அவர்கள் தடுக்கவில்லை. டெமக்குலாவில் சவுந்த் பெயர் இருக்கிறது. சிவப்புச் சாயம் பட்டது என்ற சந்தேகம்தான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

பெர்க்லி ஜனங்கள் வாஷிங்டனுக்காகக் காத்திருக்கவில்லை. தபாலாபீஸ் கைவிட்டுப் போனாலும் பழைய நகர மண்டபம் அவர்கள் கையில்தானே இருந்தது! 2007ல் அந்தக் கட்டிடத்துக்கு மாடெல் ஷிரெக் என்று பெயர் சூட்டினார்கள். அம்மையார் அதற்குப் பிறகும் ஆறு வருஷம் இருந்து, 2013ல் 101 வயதில் காலமானார்.